தினமும் வருகிற ஹவுஸ் ஓனர்

திண்டிவனத்தில் புதிதாக வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லவா ஆள் இல்லை? அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம், பதினோரு மாதத்துக்கு அக்ரிமென்ட் எப்படிப் போடுவது, கரண்டுக்கு ஏன் தனி மீட்டர் வைக்க வேண்டும், ஆணி அடிப்பதைப் பற்றி எப்போது பேச்சை எடுக்க வேண்டும், எல்லாம் டீக்கடை பெஞ்சில் இலவசமாகக் கிடைக்கும். கொளஞ்சியும் கேட்டுக்கொண்டார். கேட்டதை ஒன்று விடாமல் செய்தார். குடித்தனம் மாறும்போதெல்லாம் வெள்ளையடித்தார், தண்ணீர்த் தொட்டியைத் தானே இறங்கிக் கழுவினார், குழாய்க்கு வாஷர் மாற்றினார். அப்படியும் அவர் வீட்டில் ஒரு குடும்பமும் நிலைக்கவில்லை. ஏன் என்பது அந்தத் தெருவில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்லத்தான் யாரும் இல்லை.

கொளஞ்சிக்குத் திருவக்கரைக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்த மனிதர். முட்டி தேய்ந்து, வரப்பில் ஏறி இறங்குவது பெரிய பாடாகிப் போனதும் கழனியைப் பங்காளி மகன் வெற்றிவேலிடம் குத்தகைக்கு விட்டார். மனைவி சின்னபொண்ணுவுக்கு அவள் அப்பா கொடுத்த மனை ஒன்று திண்டிவனத்தில் சும்மா கிடந்தது. அதில் ஒரு வீடு எழுப்பினார். ஒரு ஹால், இரண்டு ரூம், சமையற்கட்டு, பின்னால் தொட்டி, தொட்டியோரம் ஒரு முருங்கை. அவர் வம்சத்தில் டவுனில் கட்டடம் கட்டிய முதல் ஆள் அவர்தான். கிரகப்பிரவேசத்தன்று டைல்ஸ் தரையில் செருப்போடு ஏறிய மச்சானிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு சரி. வீட்டோடு சேர்ந்து அவருடைய பழக்கமும் டவுனுக்கு வந்துவிட்டது, அதுதான் பேஜாரு.

கல்யாணம் ஆகும் முன்பிருந்தே பொழுது விடியும்போது கழனியில் நிற்கிற மனிதர் அவர். வேலை இருக்கிறதோ இல்லையோ, போய்விடுவார். மடையில் ஒரு கை மண் அள்ளிப் போடுவார், ஒரு களையைப் பிடுங்குவார், சும்மா ஒரு சுற்று சுற்றி வருவார். பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். குத்தகைக்கு விட்ட பிறகு அந்தக் கால்களை என்ன செய்வது? மொபெட்டை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தார். வாடகைக்கு விட்ட வீட்டின் கேட்டைத் திறந்தார். சுற்றி வந்தார். தினமும்.

முதலில் குடிவந்தவன் ஆனந்தராஜ். ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை, கல்யாணம் ஆகி இரண்டு மாதம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். மறுநாள் விடியற்காலையில் தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டு அந்தப் பெண் ஈரத் தலையோடு கதவைத் திறந்தால், கொளஞ்சி முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, நீ உன் வேலயப் பாரு. தண்ணி நல்லா வருதா?"

"வருதுங்க."

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனந்தராஜ்தான் போய்விட்டான். விழுப்புரத்துக்கு டிரான்ஸ்பர் என்றான். கொளஞ்சிக்கு மனசு கேட்கவில்லை. முட்டி வலிக்காக விழுப்புரத்து டாக்டரைப் பார்க்கப் போனபோது ஒரு பை மல்லாட்டையையும் எடுத்துப் போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவனுக்குப் போன் போட்டார். "லீவுல ஊருக்கு வந்திருக்கேங்க" என்றான் அவன். பையை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார். அந்த வாரமே திண்டிவனம் மார்க்கெட்டில் கையில் காய்கறிப் பையோடு ஆனந்தராஜைப் பார்த்தார். இவரைக் கண்டதும் அவன் வாழைத்தார் கட்டியிருந்த கடைக்குப் பின்னால் மறைந்தான். இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான் என்று பூக்காரப் பெண் சொன்னாள்.

"டிரான்ஸ்பர் கேன்சல் ஆயிடுச்சு போல. பாவம், நம்மகிட்ட திரும்பி வந்து கேக்க வெக்கப்பட்டுக்கினு போயிட்டான்" என்று சின்னபொண்ணுவிடம் வருத்தப்பட்டார். அப்பேர்ப்பட்ட நல்ல மனசு.

அடுத்து வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் தேவநாதன். அவர் சொன்ன காரணம், அம்மாவால் வாசற்படி ஏற முடியவில்லை என்பது. இருந்ததே இரண்டு படி. கொளஞ்சி கொத்தனாரைக் கூட்டிவந்து படிக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்தார். சிமெண்ட் காய்ந்ததும் அதே தளத்தில் பீரோவை இறக்கி வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவும் ஆனி கடைசியில். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? வீடு ஆவணி வரைக்கும் பூட்டிக் கிடந்தது. புதிதாக வீடு விடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மார்கழியும் இப்படித்தான் கழுத்தை அறுக்கும்.

அப்புறம் வந்த குடும்பம் காரணம்கூடச் சொல்லவில்லை. கடைசி மாதத்து வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஒரு போன், அவ்வளவுதான்.

நம் ஜனங்களிடம் இது ஒரு குணம். வீட்டுக்காரரிடம் யாரும் உண்மையைச் சொல்லிக் காலி செய்வதில்லை. அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறவரை அவர் தங்கமான மனிதர். அது கைக்கு வந்த பிறகு, எதற்கு வம்பு? குழந்தைக்கு ஸ்கூல் தூரம், மாமியாருக்கு மூச்சு, ஆபீஸில் மாற்றல் என்று மரியாதையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மரியாதைதான் கொளஞ்சியைக் கெடுத்தது. ஒருத்தராவது வாசலில் நின்று கத்தியிருந்தால் அவர் எப்போதோ திருந்தியிருப்பார்.

குறை தன்னிடம் இல்லாதபோது வீட்டில்தானே இருக்க வேண்டும்? வாஸ்து பார்க்கிறவர் வந்து கேட் இருக்கிற மூலை சரியில்லை என்றார். சுவரை இடித்துக் கேட்டை வடக்குப் பக்கம் மாற்றினார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூருக்குப் போய்க் கூட்டத்தில் இடிபட்டு, எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நிலைப்படியில் கட்டினார்கள். கேட் மாறியது. அதைத் திறந்துகொண்டு தினமும் உள்ளே போகிற ஆள் மாறவில்லை.

சென்னையில் கட்டிக்கொடுத்த மகள் கலைப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, இன்னும் ஒருதடவ பாக்கலாம். அடுத்து வர்றவங்களும் காலி பண்ணா வித்துடலாம்பா. உங்களுக்கும் வயசாவுது" என்றாள். கொளஞ்சி சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கழனியும் கையில் இல்லை, வீடும் போய்விட்டால் விடிந்ததும் எங்கே போவது என்கிற பயம் அவருக்கு. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் வந்தவள்தான் துர்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ஆர்த்தி எட்டாவது படிக்கிறாள். புருஷனோடு இல்லை. அதற்குமுன் அவள் ஏறி இறங்காத வீடில்லை. எல்லா இடத்திலும் "வீட்டுக்காரரு இன்னா பண்றாரு?" என்றுதான் முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டதாக அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். சின்னபொண்ணு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "எப்பம்மா பால் காய்ச்சப் போற?" என்றாள். துர்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொளஞ்சி இரண்டு சாவிகளை அவள் கையில் கொடுத்தார். மூன்றாவது சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அப்படித்தான். யாரிடமும் சொன்னதும் கிடையாது.

இந்தப் பெண்ணை எப்படியாவது தங்கவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார் கொளஞ்சி. எனவே, முன்னைவிட அக்கறையாக வந்தார்.

துர்காவுக்குப் பாதி நாள் ராத்திரி டியூட்டி. காலையில் வீடு திரும்பி, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் குளித்துப் படுக்க வேண்டும். ஆனால் தொட்டிப் பக்கம் ஒரு ஆள் நிற்கும்போது எப்படிக் குளிப்பது? அவர் போகிறவரை உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்குத் திரை போட்டாள். வெளியே கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டாள். கொடியைக் காணோமே, அறுந்துவிட்டது போல என்று கொளஞ்சி புது நைலான் கயிறு வாங்கிவந்து, நல்லா முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

"யோவ், நீ எதுக்குய்யா தெனம் அங்க போய்க்கினு இருக்க? அவங்க இருக்கட்டும் வுடு" என்று சின்னபொண்ணு சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்பார் இல்லாம வுட்டா வீடு இன்னாத்துக்கு ஆவும்?"

கார்த்திகையில் புயல் மழை கொட்டியது. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓட, கொளஞ்சியால் நான்கைந்து நாள் கிளம்ப முடியவில்லை. வீட்டில் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தார். மேற்குச் சுவர் ஊறியிருக்குமே, சீலிங்கில் கசிந்திருக்குமே என்று அதே நினைப்பு. வெயில் முகம் காட்டியதும் மொபெட்டை எடுத்துவிட்டார். போய்ச் சேரும்போது வெயில் ஏறி, ஆர்த்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். வாசலில் துர்காவின் ஸ்கூட்டி இல்லை. அது மழையில் நனைந்து மெக்கானிக் கடையில் நின்றது, இவருக்குத் தெரியாது. டியூட்டிக்குப் போய்விட்டாள் என்று நினைத்தார். சுவரைப் பார்த்துவிட்டு ஜல்தியாகப் போய்விடலாம் என்று அரைஞாணிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

ஹாலில் பாய் விரித்து துர்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவள், உள்தாழ்ப்பாள் போடவும் மறந்திருந்தாள். கதவுச் சத்தத்தில் புரண்டு, தலைமாட்டில் ஒரு ஆண் நிற்பதைப் பார்த்தாள். வீல் என்று கத்தினாள்.

கொளஞ்சி பின்வாங்கி வாசலுக்குப் பாய்ந்தார். வெளியே ஓடிவருவதற்குள் எதிர்வீட்டு இளவரசி கத்திக்கொண்டு வந்தாள், அவள் பின்னால் தெரு ஆண்கள் நாலைந்து பேர். ஒருவன் கொளஞ்சியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவருக்கு அறுபது வயது. ஊரில் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் நாற்காலி போடுகிற மனிதர். அந்தக் கேட்டருகில், தான் கட்டிய வீட்டு வாசலில், திருடனைப் போல நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துர்கா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"விடுங்கண்ணே. ஹவுஸ் ஓனருங்க. சுவரு ஊறுதுன்னு நான்தான் வரச் சொன்னேன். தூக்கத்துல ஞாபகமில்லாம பயந்துட்டேன்."

சட்டையை விட்டார்கள். இளவரசி மட்டும் கொளஞ்சியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவள்தான் அவர் தினமும் வருவதை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவள்.

கூட்டம் கலைந்ததும் கொளஞ்சி கைகூப்பினார். "தாயே, என் மானத்தக் காப்பாத்திட்ட."

"உங்களக் காப்பாத்தலிங்க ஐயா." துர்காவின் குரல் உடைந்தது. "தனியா இருக்கற பொம்பள வீட்டுல ஆம்பள பூந்தான்னு இந்தத் தெருவுல பேச்சு கெளம்புனா, அது உங்க தலையில வுழாது. என் தலையிலதான் வுழும். என் பொண்ணு தலையில வுழும். அதான் சொன்னேன்."

கூப்பிய கையைக் கொளஞ்சி கீழே இறக்கினார்.

"நீங்க கெட்டவர் இல்லன்னு எனக்குத் தெரியும். எவனும் வீடு தராதப்ப நீங்களும் அம்மாவும் குடுத்தீங்க. அதனாலதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல. நீங்க போவட்டும்னு குளிக்காம உக்காந்திருக்கறேன், தெனமும். கட்டடம் உங்களுதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா வாடக குடுத்துப் படுக்கற எடத்துல கண்ண மூடித் தூங்கலாம்னுதான ஐயா வர்றோம்?" மூச்சு வாங்கினாள். "ஆனந்தராஜ் சாரோட வீட்டம்மா பிரசவத்துக்கு எங்க வார்டுல இருந்தாங்க. இங்க குடிவந்திருக்கேன்னு சொன்னதும் சிரிச்சாங்க. 'வீடும் நல்ல வீடு, ஓனரும் நல்ல மனுசன், ஆனா தெனம் வருவாரு'ன்னாங்க. எனக்கு அப்ப புரியல. மாசக் கடைசியில காலி பண்ணிடறேன். மன்னிச்சிடுங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பி வருகிற வழியில் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்கு நான் போவக் கூடாதா என்று மொபெட் சத்தத்தில் தனக்குத்தானே கத்திக்கொண்டார். மயிலம் திரும்புகிற இடம் வருவதற்குள் கோபம் அடங்கி வேறு ஒன்று வந்தது. வாழைத்தாருக்குப் பின்னால் ஒளிந்த ஆனந்தராஜ். ஈரத் தலையோடு அந்தப் புதுப்பெண் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியது. தேவநாதனின் அம்மா ஒருநாள் கூட இவர் எதிரில் படி ஏறச் சிரமப்படவில்லை. ஐயோ, அந்தச் சிமெண்ட் தளம்! எல்லோரும் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு உள்ளுக்குள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் வெகுநேரம் நின்றார். கழனிக்குக் கதவு கிடையாது. விடியும்போது போய் நின்றால் பயிர் முகம் சுளிக்காது. கழனிக்குப் பழகிய கால்களைக் கொண்டுபோய் மனுஷர் தூங்குகிற இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது அந்த மரத்தடியில்தான் அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து சின்னபொண்ணுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"வீட்ட வித்தா வித்துட்டுப் போறோம்யா. அந்தப் பொண்ணு எங்க போவும்? மறுபடியும் ஊர் ஊரா, 'வீட்டுக்காரரு இன்னா பண்றாரு'ன்னு கேக்கறவன் வாசல்லயெல்லாம் நிக்கணுமே."

அதைக் கேட்டபோதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். சின்னபொண்ணு துர்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் போனாள். சாவியைக் கொடுத்தாள். அது போதாதென்று, வேண்டுமானால் பூட்டையே மாற்றிக்கொள், காசை வாடகையில் கழித்துக்கொள் என்று கொளஞ்சி சொல்லியனுப்பியதையும் சொன்னாள்.

"இன்னா சொன்னா?" என்று பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்து கேட்டார் கொளஞ்சி.

"சரிங்கம்மான்னா."

"இருக்கேன்னாளா?"

"இருக்கேன்னும் சொல்லல, போறேன்னும் சொல்லல."

அதன்பிறகு அந்த மாதம் அவருக்கு நரகமாகக் கழிந்தது. விடிந்தால் கால் பரபரக்கும். எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பவும் படுப்பார். வெற்றிவேலின் கழனிப் பக்கம் போய் நிற்பார். அவன் "வாங்க பெரியப்பா" என்பான், அதுவும் மனசில் ஒட்டாது. சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாளா, வேறு வீடு பார்த்துவிட்டாளா, ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். போகக் கூடாது. சொந்த வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அவஸ்தை இருக்கிறதே, அதைப் பட்டவருக்குத்தான் தெரியும். தெரு முனையில் இருக்கிற மளிகைக்கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதுவும் எட்டிப் பார்க்கிற வேலைதான் என்று போனைக் கீழே வைத்தார். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாதம் முடிந்தது. துர்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கலைப்பிரியாதான் சென்னையிலிருந்து கூப்பிட்டு, புரோக்கரிடம் பேசட்டுமா என்றாள். இன்னும் ரெண்டு நாள் பொறும்மா என்றார்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. துர்காவின் பெயர். பிரஷ்ஷை வைத்துவிட்டு எடுத்தார். சாவியை எங்கே வைக்கட்டும் என்றுதான் கேட்கப் போகிறாள்.

"ஐயா, தொட்டிக்கிட்ட குழாய் ராத்திரியெல்லாம் ஒழுவுதுங்க. வாஷர் போயிடுச்சு போல. இந்த மழையில செவுரும் பொரிஞ்சுக்கினு வருது. ஆள இட்டாந்து பாக்கறீங்களா?"

காலி செய்கிறவள் வாஷரைப் பற்றிப் பேசுவாளா? கொளஞ்சிக்கு வாயெல்லாம் நுரையோடு சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இதோம்மா, இப்பவே" என்று ஆரம்பித்தார். ஒரு கால் அதற்குள் செருப்புக்குள் போய்விட்டது. மொபெட் சாவியைத் தேடிக் கை சட்டைப் பையைத் தடவியது. அப்படியே நின்றார். சமையற்கட்டிலிருந்து சின்னபொண்ணு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் எந்தக் குடித்தனத்திடமும் அவர் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எப்பம்மா வரட்டும்?"



"நாலு மணிக்கு மேல வாங்க ஐயா" என்றாள் துர்கா. "நான் தூங்கி எந்திரிச்சிருப்பேன்."

"சரிம்மா. நீ நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சி செருப்பைக் கழற்றினார்.